கண்மாயும் கருவியும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மீன்பிடி முறைகள் பற்றிய ஓர் ஆய்வு

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்று, அதில் மின்னும் போலி இரையைத் தப்பியோடும் சிறுமீன் என்று எண்ணித் துரத்திவரும் பெருமீனைப் பிடிக்கும் முறைக்கு ஆங்கில வழக்கில் ட்ரோலிங் என்று பெயர். தமிழில் இதனை இழுவைத் தூண்டில் எனலாம். பை போன்ற வலையை விசைப்படகால் கடலடியில் இழுத்து, எதிர்ப்பட்டதையெல்லாம் வாரி எடுக்கும் ட்ராலிங் என்னும் இழுவைமடி முறை வேறு, இது வேறு. இரண்டு சொற்களும் தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றுவதால் நாளிதழ்களில்கூட ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்துவிடுகிறது. முன்னது ஒரு முள்ளுக்கு ஒரு மீன் என்னும் கணக்கில் நடப்பது. பின்னது டன் கணக்கில் நடப்பது. இழுவைத் தூண்டில் உலகின் பெரிய ஏரிகளில் சால்மன் மீனைப் பிடிக்கத் தனியொரு கலையாகவே வளர்ந்திருக்க, ஊர்தோறும் கண்மாயும் தெருதோறும் மீன்பிடிக்கத் தெரிந்தவர்களும் உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அது ஏன் தோன்றவே இல்லை என்பதும், அதன் இடத்தில் எத்தகைய கருவிகள் தோன்றின என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒப்பீட்டுக்கு முதலில் அந்தப் பெரிய ஏரிகளைப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பும், மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர் ஆழமும் உடையது. அங்கே பசிபிக் சால்மன் இயற்கையாக இருந்த மீன் அன்று. கடலிலிருந்து உள்ளே புகுந்து கட்டுக்கடங்காமல் பெருகிவிட்ட அலைவைஃப் என்னும் சிறுமீனைத் தின்று குறைக்கவும், தூண்டில் பொழுதுபோக்கை வளர்க்கவும் மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவின் தலைவராக இருந்த ஹோவர்ட் டேனரின் முயற்சியால் 1966இல் கோஹோ வகைச் சால்மனும், 1967இல் சினூக் வகைச் சால்மனும் விடப்பட்டன. இன்று உலகெங்கும் பேசப்படும் ஏரிச் சால்மன் தூண்டில் கருவிகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி இந்த நிகழ்வுக்குப் பின் வந்ததே.

அக்கருவிகள் எல்லாம் ஒரே கேள்விக்கான விடைகள். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேற, அதன் கீழே சில மீட்டர் இடைவெளியில் வெப்பம் திடீரென்று சரியும் ஓர் அடுக்கு உருவாகிறது; பத்து முதல் பதின்மூன்று பாகை செல்சியஸ் குளிர்ச்சியை நாடும் சால்மன் அந்த அடுக்கைத் தேடி இருபது, முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கரண்டியின் குழிவைப் போல வளைத்துச் செய்யப்பட்ட மெல்லிய தகடுதான் இங்கு இரை. ஸ்பூன் என்றே அதற்குப் பெயர். எடையற்ற இத்தகட்டை ஓடும் படகிலிருந்து அவ்வளவு ஆழத்தில் எப்படி நிறுத்துவது? எஃகுக் கம்பியில் நான்கைந்து கிலோ எடையுள்ள குண்டைக் கட்டி இறக்கி, தூண்டில் நரம்பை அந்தக் கம்பியோடு ஒரு கவ்வியால் பிணைத்துவிடுவது முதல் வழி; மீன் கடித்தவுடன் கவ்வி நரம்பை விட்டுவிடுவதால், பிடிப்பவர் குண்டின் பாரமின்றி மீனோடு மட்டும் போராட முடிகிறது. டவுன்ரிகர் எனப்படும் இக்கருவிதான் மற்ற எல்லாவற்றுக்கும் தலைமையானது. நரம்பின் உள்ளே ஈயக் கம்பியை வைத்து நெய்து, பத்துக் கஜத்துக்கு ஒரு நிறமாகச் சாயமேற்றி, எத்தனை நிறம் நீரில் இறங்கியது என்று எண்ணியே ஆழத்தைக் கணிப்பது இரண்டாவது வழி. நீரின் எதிர்விசையாலேயே கீழ்நோக்கிப் பாயும் சாய்வுத் தட்டுகளும், நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காதபடி படகின் இருபுறமும் அவற்றை விலக்கி இழுத்துச் செல்லும் மிதவைப் பலகைகளும் இவற்றோடு சேரும்.

வேகம் மணிக்கு மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர், அதாவது மனிதர் நடக்கும் வேகம்தான். இதில் நுட்பம் ஒன்று உண்டு. படகு வளைந்து திரும்பும்போது வளைவின் வெளிப்புறத்து இரை விரைகிறது, உட்புறத்து இரை தளர்ந்து தாழ்கிறது. எந்தப் பக்கத்துத் தூண்டிலில் மீன் அடிக்கிறது என்பதை வைத்தே அன்றைய மீன் விரும்பும் வேகத்தை அறிந்து, படகின் ஓட்டத்தைத் திருத்திக்கொள்கின்றனர். நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்பு நெளிவதுபோல் ஓட்டுவதன் காரணம் இதுவே. எனவே இம்முறைக்கு ஆண்டு முழுவதும் வற்றாத ஆழநீரும், படகு தடையின்றி ஓடத்தக்க திறந்த பரப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக, நடுநீரில் திரிந்து ஓடும் இரையைத் துரத்தும் குணமுடைய மீனும் வேண்டும்.

இனி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்துக்கு வரலாம். மலையின் மழைமறைவுப் பக்கத்தில் அமைந்த விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் காட்டாறுகளும் சில நாள் வெள்ளத்தில் ஓடி அடங்கிவிடுவதால், அந்த வெள்ளத்தைத் தடுத்துத் தேக்கும் கண்மாயே இங்கு வேளாண்மையின் முதுகெலும்பாயிற்று. கண்மாய் என்பது தாழ்வான நிலத்தின் குறுக்கே பிறைவடிவில் மண்கரை எழுப்பி உண்டாக்கப்படுவது. வயலுக்கு நீர் விடும் வாயில் மடை எனவும், மிகை நீர் வழிந்தோடக் கட்டிய கற்கட்டு கலுங்கு எனவும், அவ்வாறு வழிந்தோடுவது மறுகால் பாய்தல் எனவும் வழங்கும். மேல் கண்மாயின் மறுகால் நீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து நீராவதால், இவை தனித்தனிக் குளங்களல்ல, ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாயைப் போன்ற பெரியவற்றிலும்கூட, நிறைந்த காலத்து ஆழத்தை மீட்டர் கணக்கில் ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். மாசி, பங்குனியில் நீர் ஒடுங்கத் தொடங்கி, சித்திரை, வைகாசியில் பலவற்றில் அடிமண் வெடித்துக் கிடக்கும்.

இழுவைத் தூண்டில் இங்கு தோன்றாததற்கு இந்த ஆழமின்மை ஒன்றே போதிய காரணம் என்று தோன்றலாம். ஆனால் ஆழமற்ற நீரிலும் மேல்மட்டத்தில் இரையை இழுக்க முடியும் ஆதலால், உண்மையான காரணத்தைக் கண்மாயின் உள்வாயிலும் அதன் மீன்களிடத்திலும் தேட வேண்டும். சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய்களின் உள்ளே நடப்பட்ட நாட்டுக் கருவேல மரங்களும், எவரும் நடாமலே பரவிய சீமைக் கருவேலமும், அல்லியும் ஆகாயத்தாமரையும் பாசியும் நிறைந்த பரப்பில் எந்த நரம்பையும் நூறு மீட்டர் தொலைவுக்குச் சிக்காமல் இழுக்க இயலாது. இதைக்காட்டிலும் முதன்மையானது மீனின் குணம். இன்று கண்மாய்களில் குத்தகைதாரர் விட்டு வளர்ப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் என்னும் கெண்டை இனங்களே. கட்லா மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும், ரோகு நடுநீரில் பாசி முதலியவற்றையும், மிர்கால் அடிமண்ணில் மக்கிய பொருள்களையும் உண்பவை. மூன்றும் எதையும் துரத்துவதில்லை. மின்னும் தகட்டை அவற்றின் முன்னே நாள் முழுவதும் இழுத்தாலும் அவை திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

இம்மூன்றும் வடபுலத்துப் பேராறுகளுக்கு உரியவை. ஓடாத நீரில் முட்டையிடாதவை. எனவே குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே திரட்ட வேண்டியிருந்த நிலையை, 1957இல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திக் கெண்டைகளைச் சினைவிடச் செய்த வெற்றி மாற்றியது. விரலளவுக் குஞ்சைக் கார்த்திகையில் வாங்கி விட்டு, நீர் வற்றும் முன் விற்பனைக்கேற்ற எடையில் வாரி எடுக்கும் இன்றைய கண்மாய் மீன்வளர்ப்பு அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. ஜிலேபி எனப்படும் திலாப்பியாவோ 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் யாருடைய உதவியுமின்றித் தானே பரவிக்கொண்டது. ஆறு மாதத்தில் வற்றும் நீருக்கு, ஆறு மாதத்தில் வளரும் மீன்: இந்தப் பொருத்தம்தான் கருவியையும் முடிவு செய்தது.

கண்மாய்க் கருவிகளில் மிகப் பழமையானதும், கண்மாய்க்கே உரிய அறிவு மிகுதியும் வெளிப்படுவதும் ஊத்தா ஆகும். மேலே குறுகியும் கீழே அகன்றும், இருபுறமும் திறந்தும், மூங்கில் சிம்புகளாலோ குச்சிகளாலோ முடையப்பட்ட கூடை இது. முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டே இதனை அடிமண்ணில் பதியக் கவிழ்த்து, உள்ளே மீன் முட்டும் அதிர்வைக் கையால் உணர்ந்து, மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பர். கலங்கிய நீரில் கண்ணால் பயனில்லை. எனவே தொடுகையை நம்பும் கருவி. மீன் ஓட இடமில்லாத ஒடுங்கிய நீரில் மட்டுமே பயன்படுவது. ஆகவே நீர் வற்றும் பருவத்தை எதிர்பார்த்து நிற்பது. மிச்சிகன் ஏரியின் டவுன்ரிகரைப் போலவே ஊத்தாவும் தன் நீர்நிலையின் ஆழத்தை அளந்து அறிந்த கருவிதான் என்பதை ஒப்பீட்டாளர்கள் கவனிப்பதில்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோடை முன்மாதங்களில் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவில், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கானோர் ஊத்தாவோடும் கைவலையோடும் ஒரே நேரத்தில் இறங்குவது வேடிக்கைக்காக அன்று. பலர் ஒருங்கே இறங்கி நீரைக் கலக்கும்போதுதான் சேற்றில் பதுங்கிய மீன் மேலெழும், பல ஊத்தாக்களுக்கிடையே அது தப்ப வழியிருக்காது என்பதனால் ஆகும்.

பறி என்பது இதற்கு எதிரான தருக்கத்தில் அமைந்தது. ஊத்தாவில் மனிதர் மீனைத் தேடிச் செல்கிறார். பறியில் மீன் தானே வந்து புகுகிறது. புக எளிதாகவும் வெளியேற இயலாததாகவும் உட்புறம் சாய்ந்த முட்களைக் கொண்ட இந்த நீள்கூடையைக் கலுங்கின் கீழும், வரத்துக்கால் வாயிலும் வைப்பர். புதுவெள்ளம் வரும்போது நாட்டு மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும் இயல்புடையவை. அந்த நாள்களில் கலுங்கருகே பறி வைத்தவருக்கு உழைப்பே இல்லாமல் மீன் கிடைக்கும். ஆனால் அவ்வாறு ஏறுபவை சினைகொண்ட மீன்கள் என்பதை மறக்கலாகாது; இதைப் பற்றிக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் பேச வேண்டியுள்ளது.

வீச்சுவலை ஆண்டின் எல்லாப் பருவத்துக்கும் உரியது. வட்டமாக விரிந்து விழ வேண்டிய வலையின் விளிம்பில் ஈயக் குண்டுகள் கோக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியைத் தோளிலும் ஒரு பகுதியைக் கையிலும் வைத்து உடலைத் திருப்பி வீசும் பழக்கம் எழுத்தால் கற்கக்கூடியதன்று. குத்தகைதாரர் மொத்தமாக அறுவடை செய்யப் பயன்படுத்துவது கரையிலிருந்து இருபுறமும் இழுக்கும் பெருவலையும், மீனின் செவுள் சிக்கும் அளவுக்குக் கண் அமைத்த செவுள்வலையும். பருத்தி நூலால் பின்னிய வலைகள் நீரில் விரைவில் மட்கிவிடும் என்பதால் தமிழக மீனவர் அவற்றைப் பனிச்சங்காய் போன்ற துவர்ப்புச் சாறுகளில் ஊறவைத்துப் பதப்படுத்தி வந்தனர். நைலான் வந்தபின் அந்த வேலையே மறைந்தது. பருத்தி நூற்பாலைகளால் பெயர்பெற்ற ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களிலும் இன்று நனைவது நைலான்தான்.

தூண்டில் இவற்றுக்கெல்லாம் பிற்பட்ட இடத்தையே பெற்றது. சங்க இலக்கியத்தின் மருத நிலத்தில் பாணர் குலத்து மகளிர் தூண்டிலால் மீன் பிடித்து விற்பவராகக் காட்டப்படுவதால் கருவி பழமையானதே. எனினும் வலையின் விளைச்சலுக்கு அது ஈடாகாமையால், கண்மாயில் தூண்டில் பெரிதும் சிறுவர்க்கும் ஓய்வுடையார்க்கும் உரியதாயிற்று. மூங்கில் கழி, தங்கூசி எனப்படும் நைலான் நரம்பு, தக்கை, சிறிது ஈயம், முள், மண்புழு அல்லது மாவுருண்டை என்று எளிய அமைப்பு. மடை வாயருகே நீர் அசையும் இடத்தில் ஜிலேபிக்கும், மாலையிருட்டில் அடிமட்டத்தில் கெளுத்திக்கும் இது போதும்.

வரால் மட்டும் விதிவிலக்கு. கண்மாய் மீன்களில் உண்மையான வேட்டைக்காரன் இதுதான். சேறும் பாசியும் நிறைந்த, உயிர்வளி குறைந்த நீரிலும் மேலே வந்து காற்றைச் சுவாசித்து வாழ வல்லது. தன் குஞ்சுகள் திரளாக மிதக்க, அவற்றின் கீழே காவல் நிற்பது. உயிருள்ள சிறு தவளையை முள்ளில் பூட்டி, பாசியின் மேல் துள்ளித் துள்ளிச் செல்லுமாறு இழுத்து வராலைப் பிடிக்கும் பழைய முறைக்கும் இழுவைத் தூண்டிலுக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே: ஓடும் இரையைத் துரத்தும் மீனை ஓட்டத்தாலேயே ஏமாற்றுவது. படகு ஓடுவதற்குப் பதிலாக இங்கே கை ஓடுகிறது, அவ்வளவே. இப்போது இளைஞர் சிலர் சுழல் உருளை பொருத்திய கழியும், முள் பாசியில் சிக்காதவாறு மறைத்துச் செய்யப்பட்ட ரப்பர் தவளையும் கொண்டு வராலைத் தேடுகின்றனர். இறக்குமதிக் கருவிகளில் கண்மாய்க்கு உண்மையிலேயே பொருந்துவது இந்த ரப்பர் தவளை ஒன்றே எனலாம். ஆனால் குஞ்சுகளைக் காத்து நிற்கும் வராலை அதன் சினத்தைத் தூண்டிப் பிடிப்பது எளிது என்பதாலேயே அது தவிர்க்கத்தக்கது. காவல் மீன் போனால் அத்திரள் முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

இவ்வட்டாரத்தைப் போன்ற குளங்களில் தூண்டிலிடுவதைத் தனிப் பொருளாக எடுத்து எழுதியவர் சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873இல் இந்தியாவில் தூண்டில் பற்றிய பெருநூலை வெளியிட்ட அவர், 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே வேறொரு நூலை எழுதினார். ஆற்று மீனுக்கான முறை குளத்துக்குப் போதாது என்பதை அன்றே உணர்ந்திருந்தமைக்கு இரண்டாவது நூலின் இருப்பே சான்று. அவர் காலத்தவரான பிரான்சிஸ் டே நன்னீர் மீன்வளம் பற்றி 1873இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், மிகச் சிறு கண் வலைகளால் குஞ்சுகள் அழிவதை முதன்மைக் குறையாகக் காட்டினார். நஞ்சும் வெடியும் இட்டு மீன் கொல்வதைத் தடுக்கும் இந்திய மீன்பிடிச் சட்டம் 1897இல் வந்தது; கொசுவலை போன்ற நுண்கண் வலையால் வரத்துக்காலை மறிக்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு.

அணைகளில் நிலைமை மாறுமா என்பது அடுத்த கேள்வி. வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல்லில் 1970களில் கட்டப்பட்ட பெரியாறு, கோவிலாறு அணைகள் முறையே ஏறக்குறைய 47 அடியும் 42 அடியும் உயரமுடையவை. கண்மாய்களோடு ஒப்பிட இவை ஆழமானவை. ஆயினும் நிறைந்தபோது இருக்கும் ஆழம் பாசனத்துக்குத் திறந்தபின் நிலைப்பதில்லை. கீழே காத்திருக்கும் கண்மாய்களுக்காகவே கட்டப்பட்டவை இவை. வளர்க்கப்படும் மீனும் கெண்டையே. மேலும் மலைப்பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் இருப்பதால், காப்பகத்துக்குள் ஓடும் ஓடைகளில் மீன்பிடித்தல் சட்டத்துக்குப் புறம்பானது. மலையோடைகளில் பாறையை ஒட்டி வாழும் சிறுமீன்களுக்கு இந்தத் தடை நன்மையே.

சால்மன் என்ற பெயரும் சிறிது விளக்கம் வேண்டுவது. மீன்கடைகளில் இந்தியச் சால்மன் என்று விற்கப்படும் காலா மீன் உண்மையில் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. வெப்பக் கடலின் வேறொரு குலம். உண்மையான சால்மன் குடும்பத்து மீன் தமிழகத்தில் வாழ்வது நீலகிரி போன்ற உயர்மலை நீர்களில் மட்டுமே; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல முயற்சிகளுக்குப் பின், 1907இல் அவலாஞ்சியில் நிறுவப்பட்ட பொரிப்பகத்தால் வானவில் ட்ரௌட் அங்கு நிலைபெற்றது. அது பசிபிக் சால்மன்களின் பேரினத்திலேயே வைத்து எண்ணப்படும் மீன். இருபது பாகைக்கு மேல் வெப்பமேறினால் வருந்தும் அம்மீனை, கோடையில் முப்பதை எட்டும் கண்மாய் நீரில் எண்ணிப் பார்க்கவும் இயலாது.

எனினும் இழுவைத் தூண்டில் இவ்வட்டாரத்துக்கு முற்றிலும் அயலானது என்று முடிப்பது தவறாகும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்களின் மறுகால் நீர் அர்ச்சுனா நதி முதலிய கிளைகளின் வழியே வைப்பாற்றைச் சேர்ந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த வளைகுடாவில் வள்ளத்தின் பின்னால் தூண்டிலை இழுத்து வஞ்சிரமும் சூரையும் பிடிப்பது தூத்துக்குடிக் கரை மீனவர்க்குத் தெரிந்த தொழில். ஒரே ஆற்றின் தலையில் ஊத்தாவும், வாயில் இழுவைத் தூண்டிலும் வழங்குகின்றன. இடையிலுள்ள தொலைவு நூறு கிலோமீட்டர் அளவே. சந்தையும் திருவிழாவும் மணவுறவும் கடந்துசெல்லும் அத்தொலைவைக் கருவி கடக்கவில்லை என்றால், மக்கள் அறியாமையால் அதை விட்டனர் என்று கூற வாய்ப்பில்லை. ஆழமும் பரப்பும் துரத்தும் மீனும் உள்ள இடத்தில் அது வழங்கியது. இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆகவே இவ்வட்டாரத்தில் மேம்படுத்த வேண்டியது தூண்டில் கருவி அன்று. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பாசனப் பரப்புடைய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்க, மீன்பாசி ஏலம் என்று இன்றும் பழம்பெயரால் வழங்கும் குத்தகை பணத்தை மட்டுமே கணக்கிட்டு விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் தாம் விட்ட கெண்டையைப் பிடிப்பதில் குறை காண இடமில்லை. ஆனால் அயிரை, கெளுத்தி, குரவை, வரால் ஆகிய நாட்டு மீன்களை எவரும் விட்டு வளர்ப்பதில்லை. அவற்றுள் பல மறுகால் பாயும் சில நாள்களில் கலுங்கு ஏறி, மேல் கண்மாயில் முட்டையிடுபவை. அந்த நாள்களில் கலுங்கின் கீழ் பறியும் நுண்கண் வலையும் வைப்பதில்லை என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன் கூடும் ஊர்க்கூட்டங்கள் இதனை எடுத்துப் பேச வேண்டும்.